ஆகாயத்துக்கு செகண்ட்ஸ் கிடையாது

அத்தியாயம் 19

“சாரதாமணி ஏன் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை?” என்று வாசகிகள் சிலர் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். அழ அவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்! புருஷனுக்குக் காரியம் முடிந்த கையோடு அவனுடைய பிரஸ்ஸை ஓட்டப் போனவள் அவள். உலை எரியும்போது உட்கார்ந்து ஒப்பாரி வைக்க முடியுமா?

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. திருப்பூரில் தலைமுறையாகத் தறி நெய்து, பிறகு பனியனுக்கு மாறிய குடும்பம். மூத்தவன் வேலுமணிக்கு மட்டும் பனியன் பிடிக்கவில்லை. பல்லடம் ரோட்டில் ஒரு பழைய பிரஸ்ஸை வாங்கிப் போட்டான். காய்ச்சி வார்த்த அலுமினியக் கட்டியைச் சூடாக்கி, அச்சு வழியாக முறுக்குப் பிழிவது மாதிரிப் பட்டை பிழிகிற இயந்திரம். பனியன் கம்பெனிகள் கட்டிடம் கட்டக் கட்ட, ஜன்னலுக்குப் பட்டை பிழிந்தான். அதோடு நின்றானா? பெங்களூரில் விமானம் கட்டும் கம்பெனிக்குப் பட்டை தருகிறேன் என்று கிளம்பினான். போன வருஷம் ஆடியில் ஒரு தனியார் பஸ் அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

அவன் விட்ட இடத்தில் அவன் மனைவி சாரதாமணி நிற்கிறாள். போன வாரம் குடும்பம் கூடிப் பேசியது நினைவிருக்கும். வியாழக்கிழமை பெங்களூர் அதிகாரி வந்து பட்டைகளைச் சோதித்து முத்திரை குத்திவிட்டால் பிரஸ் சாரதாமணிக்கு. குத்தாவிட்டால் சாவி கொழுந்தன் ஈஸ்வரமூர்த்திக்கு. அவன் அங்கே சாயப்பட்டறை போடுவான்.

இன்று வியாழக்கிழமை.

காலையில் மாமியார் முத்தாயியின் கட்டில் காலியாகக் கிடந்தது. வைத்த காப்பி வைத்தபடி ஆடை கட்டியிருந்தது. எங்கே போயிருப்பாள் என்று சாரதாமணிக்குத் தெரியும். டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனாள்.

பிரஸ் ஓட்டும் கன்னையன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

“அம்மா உள்ள இருக்கறாங்கங்க. விடியறப்பவே வந்துட்டாங்க.”

“நீங்க ஏன் வெளிய நிக்கறீங்க?”

கன்னையன் துண்டை உதறித் தோளில் போட்டான். மறுபடி எடுத்தான். “உள்ள போக ஒரு மாதிரியா இருக்குதுங்க. பசங்களும் அந்தப் பெங்களூர் ரேக்குப் பக்கம் வரமாட்டேங்கறானுங்க. உச்சி நேரமானா அது மொனகுதுங்க.”

“தகரக் கூரைங்க கன்னையா. வெயில் ஏறுனா எல்லாமே சத்தம் போடும்.”

“ஜன்னல் பட்டை மொனகறதில்லீங்களே.”

சாரதாமணி உள்ளே போனாள்.

பட்டறையின் கோடியில், பெங்களூருக்குப் போக வேண்டிய பட்டைகள் ரேக்கில் அடுக்கியிருந்தன. ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம், விரல் கனம், கையகலம். அதன் முன்னால் சாக்கு விரித்து முத்தாயி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு வாழையிலை. இலையில் ஆவி பறக்க அரிசிம்பருப்புச் சோறு, ஓரத்தில் நெய்.

“இது ஆருக்குங்க அத்தை?”

முத்தாயி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது என்கிற பார்வை.

“சத்தமாப் பேசாத கண்ணு. உன்னும் எந்திரிக்கல.”

சாரதாமணிக்குக் கோபம் வந்தது. இன்றைக்குப் பார்த்தா இந்தக் கூத்து! அதிகாரி வருகிற நேரத்தில் பட்டைக்கு முன்னால் படையல் போட்டிருந்தால் என்ன நினைப்பான்? இலையை எடுத்துவிடலாம் என்று குனிந்தாள். ஏனோ கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு ஈஸ்வரமூர்த்தி வந்தான். கையில் என்ன தெரியுமா? அளக்கிற டேப்! முத்திரை விழுமா விழாதா என்று தெரிவதற்கு முன்பே சாயத் தொட்டிக்கு இடம் அளக்க வந்துவிட்டான் மனுஷன். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தர் இருக்கத்தானே செய்கிறார்கள்.

“தப்பா நெனைக்காதீங்க அண்ணி. சும்மா பாத்து வச்சுக்கலாம்னுதான்.”

“அளங்க தம்பி. டேப்பு உங்களுது.”

அவனுக்கு முகம் சுருங்கியது. டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“உங்க மேல எனக்கு விரோதமாங்க? பொழப்பைப் பாக்கோணுமில்ல? ஜன்னல் பட்டைன்னா பிரஸ்ஸுல சரசரன்னு வருது. இது நத்தையாட்ட ஊருது. கொஞ்சம் வேகமாத் தள்ளுனா மேல வெடிச்சுப் போவுது. ஜன்னலுக்கு ஒரு லாரி பிழியற நேரத்துல இது ஒரு மாட்டு வண்டிக்குக் காணாது. கரண்டு அதே கரண்டு. கூலி அதே கூலி.”

“வெலை அதே வெலையில்லையே.”

“வெலை பத்து மடங்குதானுங்க, ஆரு இல்லைன்னா? தலைப்பக்கம் வெட்டி எறியறீங்க, வால்பக்கம் வெட்டி எறியறீங்க, சோதனைக்குன்னு துண்டு துண்டாப் போவுது. பாதி தேறுனாப் பெரிசு. அவங்களுக்குன்னு செஞ்ச அச்சை வேற ஆருக்காச்சும் பிழிய முடியுமா? ஜன்னலுக்கு ஒரு அச்சு செஞ்சா ஊரே வாங்குது.”

“முத்திரை ஒரு தடவை விழுந்துட்டா அவங்க வேற பக்கம் போவமாட்டாங்க தம்பி. புது ஆளைச் சோதிச்சுச் சேத்துறது அவங்களுக்கு அவ்வளவு செலவு. அதனாலதான் நொழையறது கஷ்டம். நொழைஞ்சுட்டா நம்மளை வெளிய தள்றதும் கஷ்டம். மொதல்ல கொஞ்ச நாளைக்கு அடி வாங்கியே ஆகோணும். உங்க அண்ணன் போட்ட கணக்கு அதுதான்.”

“பனியன்ல ஓட்டை விழுந்தாக்கூட செகண்ட்ஸ்னு சொல்லிக் காதர்பேட்டைச் சந்தைல பாதி வெலைக்குத் தள்ளீரலாம். இதுல ஒண்ணு தப்புனா?”

“ஆகாயத்துக்கு செகண்ட்ஸ் கிடையாதுங்க. தப்புனா அத்தனையும் அறுத்துப் போடோணும்.”

“அப்பறம்?” என்றான் ஈஸ்வரமூர்த்தி.

சாரதாமணி கணக்கு நோட்டை மூடினாள். பிரஸ் போனால் வேலுமணி இன்னொரு தடவை போனமாதிரி. அதை மட்டும் அவளால் தாங்க முடியாது. இதை யாரிடம் சொல்வது?

உச்சி வேளை வந்தது.

ஆட்கள் சாப்பிட வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். மோட்டார் எதுவும் ஓடவில்லை. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. மாமியாரைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று சாரதாமணி உள்ளே வந்தாள். பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

ரேக் முனகிக்கொண்டிருந்தது.

வண்டு ரீங்காரம் இல்லை. கரண்டு சத்தமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு ஆம்பிளை தனக்குத்தானே ராகம் இழுக்கிற சத்தம். கண்ணாடி முன் நின்று சவரம் செய்யும்போது வேலுமணி இப்படித்தான் இழுப்பான். சுதி சேராது. பாதியில் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்குவான்.

இதோ, மூச்சு வாங்கியது. மறுபடி தொடங்கியது.

‘வெயில்தான். கூரைதான்’ என்று சொல்லிக்கொண்டே போய் ஒரு பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள். தொடங்கியது. மறுபடி வைத்தாள். பட்டை இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. அந்தப் பட்டையின் மேல் தலை சாய்த்துக்கொள்ள வேண்டும் போல் ஆசையாக இருந்தது. தன்னை நினைத்துத் தானே வெட்கப்பட்டாள்.

“கேட்டுதா கண்ணு?” என்றாள் முத்தாயி.

“இது என்னங்க அத்தை?”

“என்னன்னு கேக்கற பாரு! அவந்தான்.” முத்தாயி முந்தானையை விரலில் சுற்றினாள். “கூடுதுறை ஆத்துல சாம்பல் கரைக்கறப்ப எல்லாத்தையும் குடுக்க எனக்கு மனசு வல்ல. கொஞ்சம் முந்தானைல முடிஞ்சுட்டு வந்துட்டேன். இந்த ரேக்குக்குக் காய்ச்சுனீங்களே, அப்ப கன்னையன் அக்கட்டால திரும்புனான். உலையில போட்டுட்டேன்.”

சாரதாமணி ரேக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை… என்ன காரியம் பண்ணுனீங்க?”

“ஏரோப்ளேன்ல ஏறோணும், ஏறோணும்னு சின்னதுலிருந்து சொல்லிட்டிருந்தவன். ஏறாமயே போயிட்டான். கோயிலுக்கு மணி வாக்கறப்ப ஊர்ப் பொம்பளைங்க தோடு, மூக்குத்தின்னு கழட்டி உலையில போடறதில்லையா? போடறதுக்கு எங்கிட்ட அவந்தானே இருந்தான்.”

சொன்னபோது அவள் குரலில் துக்கம் இல்லை. வேண்டுதல் நிறைவேற்றியவளின் நிம்மதிதான் இருந்தது.

மாமியாரைத் திட்டுவதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று சாரதாமணிக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. ஜன்னல் பட்டைக்குள் மண்ணே கிடந்தாலும் ஜன்னல் ஜன்னல்தான். விமானப் பட்டைக்குள் கடுகளவு வேறு பொருள் இருந்தால், விமானம் ஏறி இறங்கி ஏறி இறங்கி, அந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும். வேலுமணியே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

வாசலில் அம்பாசடர் ஹாரன் அடித்தது.

பெங்களூர் அதிகாரி நல்ல மனுஷன். தலை நரைத்தவர், சிரித்த முகம். ஓசூர்ப் பக்கத்துத் தமிழர். வந்ததும் டீ கேட்டார். சர்க்கரை தூக்கலாகக் கேட்டார்.

“பொங்கலப்போ சின்னதா ஒரு லாட் அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? அதுல செஞ்ச பாகத்தைப் புது விமானத்தோட இறக்கையில போட்டாச்சும்மா. எங்க ஆளுங்களுக்கு ரொம்பத் திருப்தி. இதுவும் அப்படியே இருந்தா, இனிமே வருஷா வருஷம் உங்களுக்குத்தான் ஆர்டர்.”

ஈஸ்வரமூர்த்தி கைகட்டி ஓரமாக நின்றான். சாரதாமணி டீ டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

அதிகாரி காரிலிருந்து பெட்டி மாதிரி ஒரு கருவியை இறக்கினார். அதன் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது. பட்டையின் அகலப் பக்கத்தில் எண்ணெய் தடவி, ஒரு குமிழை அதன்மேல் மெல்ல நகர்த்தினார். உள்ளே குறை இருந்தால் கோடு துள்ளும்.

கோடு துள்ளவில்லை. இரண்டாவது பட்டை. துள்ளவில்லை. நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று உருவச் சொல்லிப் பார்த்தார். பச்சைக் கோடு ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

“பேஷ்!” என்றார். முத்திரை உளியையும் சுத்தியலையும் கையில் எடுத்தார்.

சாரதாமணி சுத்தியலையே பார்த்தாள். ஒரே ஒரு அடி. டங்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பிரஸ் அவளுடையது. கருவியே நல்லதென்று சொல்லிவிட்டது. கிழவி சொன்னதை யார் நம்பப் போகிறார்கள்? போட்ட சாம்பல் அழுக்கோடு அழுக்காக மேலே மிதந்து, கன்னையன் அள்ளிக் கொட்டியிருக்கமாட்டானா? இப்படியெல்லாம் நினைத்தாள். அவளும் மனுஷிதானே.

அப்போது முகம் தெரியாத யாரோ ஒரு விமானியின் மனைவி அவள் நினைப்பில் வந்து நின்றாள். ‘பஸ்ஸுக்காரன் தப்பு’ என்று தன்னிடம் எல்லோரும் சொன்னது ஞாபகம் வந்தது.

“நிறுத்துங்க சார்.”

சுத்தியல் பாதியில் நின்றது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாமியாரை மட்டும் பார்க்கவில்லை. ஈஸ்வரமூர்த்தி “ஐயோ அண்ணி” என்று தலையில் கைவைத்தான்.

அதிகாரி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “சட்டப்படி அகலப் பக்கம் மட்டும் பார்த்தாப் போதும். எதுக்கும் திருப்பிப் பார்ப்போம்” என்றார். பட்டையைப் புரட்டிக் கனப் பக்கத்தில் எண்ணெய் தடவினார்.

குமிழ் நகர்ந்தது. பச்சைக் கோடு துள்ளி எழுந்து நின்றது.

அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அடுத்த பட்டை. துள்ளியது. கோடு. அடுத்தது. கோடு. கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றி வியர்த்துவிட்டது. “இத நிமிர்த்தி வைங்கப்பா” என்றார். கன்னையன் பயந்து பயந்து ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்தான்.

எல்லாச் சாக்பீஸ் கோடுகளும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன.

“இது முடியாதும்மா,” என்றார் அதிகாரி தணிந்த குரலில். “தப்பித் தவறிச் சாம்பல் உள்ள போயிருந்தாலும் கண்டபடி சிதறியிருக்கும். இப்படி ஒரே இடத்துல வராது. நான் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ பார்த்துட்டேன்…” முடிக்காமல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முத்தாயி எழுந்து வந்தாள். ஒரு பட்டையில் அந்தக் கோட்டின் மேல் கன்னத்தைப் பதித்துக்கொண்டாள்.

“இந்த உசரந்தான் கண்ணு. அவன் நின்னான்னா நெஞ்சு எனக்கு இங்கதான் வரும்.”

அப்புறம் அதிகாரிதான் சொன்னார், தள்ளுபடியான சரக்கை அவர் கண்முன்னாலேயே அறுத்துவிட வேண்டும், யாரும் எடுத்து எதற்கும் உபயோகிக்கக் கூடாது, விதி அப்படி என்று.

கன்னையன் அறுக்கமாட்டேன் என்று பின்னால் போய்விட்டான். சாரதாமணி தானே ரம்பத்தைப் போட்டாள். முதல் பட்டை இரண்டானபோது வாசகிகள் கேட்ட கண்ணீர் வந்தது. விம்மி விம்மி, மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ரம்பத்தை விடாமல் அழுதாள். புருஷனையும் பிரஸ்ஸையும் சேர்த்து அறுக்கிறவள் வேறு எப்படி அழுவாள்?

முடிந்ததும் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொழுந்தனிடம் நீட்டினாள். ஈஸ்வரமூர்த்தி கையை நீட்டவே இல்லை.

“அங்க மேசை மேல வச்சுருங்க அண்ணி” என்றான்.

அதிகாரி கருவியைக் காருக்குக் கொண்டுபோனார். அப்போதுதான் சாரதாமணி கவனித்தாள். முத்தாயி அழவே இல்லை. மகனைத் துண்டு துண்டாக அறுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள்!

“அத்தை, உங்களுக்கு வெசனமா இல்லீங்களா?”

“எதுக்குக் கண்ணு வெசனம்? இதுல கெடந்தது மிச்சம் மீதி. பொங்கலுக்கு முன்னால ஒருக்காக் காய்ச்சுனீங்களே, அதுலயே முக்காவாசியைப் போட்டுட்டேனே. அவன் அப்பவே போயிட்டான்.”

சாரதாமணியின் அழுகை சட்டென்று நின்றது.

ஈஸ்வரமூர்த்தி அவள் கையைப் பிடிக்காத குறையாக வழிமறித்தான். “வாயத் தொறக்காதீங்க அண்ணி! அது அவங்க சோதிச்சு வாங்குன சரக்கு. இப்பச் சொன்னா கேசு, கோர்ட்டுன்னு பனியன் கம்பெனியும் சேந்து போயிரும். உங்களுக்குக் கையெடுத்துக் கும்புடறேன். பிரஸ்ஸை நீங்களே வச்சுக்குங்க!”

காலையிலிருந்து அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். அவனைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

கார் கேட்டைத் தாண்டிவிட்டது. புழுதிக்குள் ஓடிப் பின் கண்ணாடியில் அறைந்தாள். கார் நின்றது. மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னாள்.

அதிகாரி கதவைத் திறந்து இறங்கினார்.

“அதையும் நான்தான் பார்த்தேன். அகலப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன்” என்றார். கைக்கடிகாரத்தைத் திருப்பினார். “மூணரைக்கு முதல் பறப்பு. இன்னிக்கு. ரெண்டு பேர் உள்ள இருக்காங்க.”

மணி நாலாகப் போகிறது.

“போன் எங்கம்மா இருக்கு?”

அவள் கைகாட்டிய ஆபீஸ் அறைக்கு ஓடினார். எண்களைச் சுழற்றுகிற சத்தம், வைக்கிற சத்தம், மறுபடி சுழற்றுகிற சத்தம். “பெங்களூர்… அர்ஜென்ட்… லைன் கொடுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார். சாரதாமணி மாமியாரைத் தேடினாள்.

முத்தாயி பட்டறைக்கு வெளியே, பொட்டல் வெயிலில், கையை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. மரத்தில் ஏறிக்கொண்டு அழிச்சாட்டியம் பண்ணும் பிள்ளையைப் பார்க்கிறமாதிரி, செல்லமாகச் சிரித்தாள்.

“எவ்வளவு நேரமாக் கூப்புடறேன், பாரு கண்ணு,” என்றாள். “எறங்கமாட்டேங்கறான்.”